அருமையும் உடைமையும்

ஒரு பொருளை நாம் விரும்புவது அதன்கண் உள்ள நன்மையினாலா, அன்றி அது பிறரிடம் இல்லை என்பதனாலா? இவ்வாறு நேராக வினவினால் நம்முள் எவரும் முன்னதையே விடையாகக் கூறுவர். ஆயினும் நெஞ்சறியச் சொல்வதானால் இரண்டும் கலந்தே நிற்கின்றன என்பதை மறுக்க இயலாது. நிலம் விளைவு தருகிறது. வீடு நிழல் தருகிறது. பொன் இடுக்கணில் உதவுகிறது. ஆதலின் இவற்றைக் கொண்டு அவ்வினாவை ஆராயப் புகுந்தால், பயன் எங்கே முடிகிறது, பற்று எங்கே தொடங்குகிறது என்று பிரித்தறிவது அரிதாகிறது. பயன் முழுவதும் கழிந்த பின்னரும் பெருவிலை பெற்று நிற்கும் பொருள் ஒன்றை எடுத்துக்கொண்டால் உண்மை எளிதில் புலப்படும். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வெளிவந்த அஞ்சல் தலைகள் அத்தகைய பொருள்கள்.

அஞ்சல் தலை என்பது யாது? கடிதத்தைக் கொண்டு சேர்க்கும் கட்டணத்தை முன்னதாகவே செலுத்தியமைக்கு அடையாளமான ஒரு சிறு தாள், அவ்வளவே. 1840இல் இங்கிலாந்து உலகின் முதல் அஞ்சல் தலையை வெளியிட்டது. அமெரிக்காவில் நாடு முழுமைக்குமான அஞ்சல் தலைகள் 1847 சூலை 1ஆம் நாள் முதல் வழங்கத் தொடங்கின. பெஞ்சமின் பிராங்க்ளின் உருவம் தாங்கிய 5 சென்ட் தலை ஒன்று. ஜார்ஜ் வாஷிங்டன் உருவம் தாங்கிய 10 சென்ட் தலை மற்றொன்று. அரை அவுன்சு எடையுள்ள கடிதம் 300 மைலுக்குள் செல்ல 5 சென்ட். அதற்கு அப்பால் செல்ல 10 சென்ட். 1851 சூலை 1இல் கட்டணம் மாறியது. அவ்விரு தலைகளும் செல்லாதவை ஆயின. நான்கே ஆண்டுகளில் அவற்றின் தொழில் முடிந்துவிட்டது. இன்று அவற்றை ஒட்டி ஒரு கடிதமும் அனுப்ப இயலாது. ஆனால் அவற்றைத் தேடுவோர் மட்டும் குறையவில்லை.

ஒரு சென்ட்டின் உயர்வு

அவ்வாறு தேடப்படுவனவற்றுள் தலையாயது 1868ஆம் ஆண்டைச் சேர்ந்த 1 சென்ட் தலை ஒன்று. அதனை 'இசட் கிரில்' என்று அழைப்பர். உள்நாட்டுப் போருக்குப் பின், பயன்படுத்திய தலைகளின் மீது குத்திய முத்திரை மையைக் கழுவிவிட்டு, மக்கள் அவற்றை மீண்டும் ஒட்டுகின்றனரோ என்று அஞ்சல் துறைக்கு ஐயம் எழுந்தது. அதனைத் தடுக்கச் சார்லஸ் ஸ்டீல் என்பார் ஒரு முறையை வகுத்தார். தலையின் தாளில் நுண்ணிய புள்ளிகளை நிரை நிரையாக அழுத்தினால் தாளின் நார்கள் உடையும். அவ்வுடைப்பின் வழியே முத்திரை மை ஆழமாக ஊறும். பின்னர்க் கழுவினாலும் நீங்காது. அவ்வழுத்தக் குறியே 'கிரில்' எனப்படுவது. 1867 முதல் சில ஆண்டுகள் இம்முறை வழக்கில் இருந்தது.

பிற்கால ஆய்வாளர்கள் அக்குறிகளை அளவாலும் அமைப்பாலும் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்தைப் பெயராக இட்டனர். ஏறக்குறைய 11 மில்லிமீட்டர் அகலமும் 14 மில்லிமீட்டர் உயரமும் கொண்டு, முகடுகள் கிடையாக அமைந்த வகைக்கு 'இசட்' என்பது பெயர். அக்குறி பதிந்த 1 சென்ட் தலைகளாக இன்று அறியப்பட்டவை இரண்டே. ஒன்று, பெஞ்சமின் மில்லர் என்பார் 1925இல் நியூயார்க் பொது நூலகத்துக்கு வழங்கிய தொகுப்பில் உள்ளது. மற்றொன்று தனியாரிடையே கைமாறி வருகிறது. 1986இல் அதன் விலை 4,18,000 டாலர். 1998இல் 9,35,000 டாலர். 2024 சூன் மாதம் நடந்த ஏலத்தில் 43,66,000 டாலர்.

இதே பிராங்க்ளின் உருவமும் இதே நீல நிறமும் கொண்டு, குறி மட்டும் வேறுபட்ட 1 சென்ட் தலைகள் ஏராளமாக உள்ளன. அவற்றை இத்தலையோடு அருகருகே வைத்தால் பழகாத கண்ணுக்கு வேறுபாடே தெரியாது. அழகு கூடவில்லை, பயன் கூடவில்லை, கூடியது அருமை ஒன்றே. அத்தலையில் உருவம் பெற்றிருப்பவர் 1737இல் பிலடெல்பியா அஞ்சலகத் தலைவராகவும், 1775இல் விடுதலைக்குப் போராடிய குடியேற்றங்களின் முதல் அஞ்சல் துறைத் தலைவராகவும் பணியாற்றியவர். சிக்கனத்தை வாழ்நாளெல்லாம் வலியுறுத்தியவர். களவைத் தடுக்க இட்ட குறியே பின்னர்க் களவுக்கும் வழி காட்டிற்று என்பது மேலும் கருதத்தக்கது. எளிய தலைகளின் மீது பொய்க்குறி அழுத்தி அரிய தலை என விற்பவர் தோன்றினர். மெய்யும் பொய்யும் ஆய்ந்து சான்று வழங்க வல்லுநர் குழுக்களும் தேவையாயின.

பிழைக்கு விலை, பயன்படாமைக்கு விலை

உலகில் பொதுவாகப் பிழையற்ற பொருளுக்கு மதிப்பு அதிகம். அஞ்சல் தலை உலகில் சில வேளைகளில் இம்முறை மாறி நிற்கிறது. 1869இல் அமெரிக்கா முதன்முறையாக இரு நிறங்களில் தலைகளை வெளியிட்டது. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு முறையாகத் தாளை இருமுறை அச்சிட வேண்டியிருந்தது. சில தாள்களை இரண்டாம் முறை திருப்பி வைத்துவிட்டமையால் 15, 24, 30 சென்ட் தலைகள் சிலவற்றில் நடுவே உள்ள படமோ சுற்றியுள்ள அணியோ தலைகீழாகப் பதிந்தது. செவ்வனே அச்சான தலையைக் காட்டிலும் அப்பிழையுற்ற தலைகளுக்கே இன்று பன்மடங்கு விலை.

இவ்வாறே, முத்திரை குத்தப்படாமல், பின்புறத்துப் பசையும் கலையாமல், ஆல்பத்தில் ஒட்டிய சுவடும் இல்லாமல் இருக்கும் தலைக்குத் தனி மதிப்பு உண்டு. பசை, ஒட்டுவதற்காகத் தடவப்பட்டது. ஒட்டப்படாமையே அதன் சிறப்பாகிவிட்டது. உண்ணாத சோறும் உடுக்காத உடையும் போல, தன் கடமையைச் செய்யாத தலை, செய்த தலையினும் உயர்வு பெறுகிறது.

நெஞ்சுக்கு ஓர் உரைகல்

இவற்றையெல்லாம் கூறுவது சேகரிப்போரை எள்ளி நகையாடுவதற்கு அன்று. அஞ்சல் தலை சேர்ப்பது கொலையோடு தொடர்பற்றது, பிறர்க்குத் துன்பம் தாராதது, அறிவை வளர்ப்பது. பின், அதில் ஆராய்வதற்கு என்ன உள்ளது என்று சிலர் வினவலாம்.

சேகரிப்பின் குறிக்கோள் முழுமை. ஆல்பத்தில் உள்ள கட்டங்கள் எண்ணிக்கைக்கு உட்பட்டவை. அவை நிரம்பினால் ஆசையும் நிறைவுறும் என்று தோன்றும். ஆனால் இசட் கிரில் இரண்டே உள்ளன. ஒன்று பொது நூலகத்துக்கு உரியது. எனவே முதன்மைப் பட்டியல் கூறும் 19ஆம் நூற்றாண்டு அமெரிக்கத் தலைகள் அனைத்தையும் உடைய தனி மனிதர் ஒரு காலத்தில் ஒருவராகவே இருக்க முடியும். ஒருவருடைய முழுமை ஏனையோர் அனைவருடைய குறையையும் வேண்டி நிற்கிறது. கல்வியில் இந்நிலை இல்லை. ஒரு மாணவி கணக்கைக் கற்றுக்கொண்டால் பக்கத்தில் இருப்பவளுக்குக் கணக்குக் குறைந்துவிடுவதில்லை.

எனவே ஒவ்வொருவரும் தம் நெஞ்சையே உரைத்துப் பார்க்க ஓர் உரைகல் உண்டு. 'என்னிடம் உள்ள இவ்வரிய பொருளைப் போன்ற நூறு பொருள்கள் நாளை எங்கேனும் கிடைத்தால், என் மகிழ்ச்சி குறையுமா?' என்று கேட்டுக்கொள்ள வேண்டும். குறையாது எனில், நாம் விரும்பியது அப்பொருளை. குறையும் எனில், நாம் விரும்பியது பிறருடைய இல்லாமையை.

இது வெறுங்கற்பனை வினா அன்று, உண்மையாகவே நிகழ்ந்ததுண்டு. அரசு தலை வெளியிடுமுன், 1845இல், செயிண்ட் லூயி நகரின் அஞ்சலகத் தலைவர் ஜான் வைமர் தம் நகருக்கெனத் தலைகள் அச்சிட்டார். இரு கரடிகள் கேடயம் தாங்கி நிற்கும் படம் உடைமையால் அவை 'செயிண்ட் லூயிக் கரடிகள்' எனப்படுகின்றன. அவை மிக அரியவை. 1895இல் லூயிவில் நகர நீதிமன்றக் கட்டடத்தில், எரிப்பதற்காக ஒதுக்கிய பழைய தாள்களிடையே 137 கரடித் தலைகள் ஒருசேரக் கிடைத்தன. 20 சென்ட் தலைகள் மட்டும் 16. அருமையையே செல்வமாகக் கருதியவருக்கு அச்செய்தி கசந்திருக்கும். ஆய்வாளருக்கோ அது விருந்து. அத்தலைகளின் செப்புத் தகட்டில் 6 படங்கள் தனித்தனியே கையால் செதுக்கப்பட்டவை. ஆதலின் ஒன்று மற்றொன்றை முற்றும் ஒத்திராது. பல தலைகளை அருகருகே வைத்து ஒப்பிட்டால்தான் எது தகட்டில் எவ்விடத்துக்கு உரியது என்று காண இயலும். பொருள் பெருகியபோது அறிவும் பெருகியது. ஒரே நிகழ்ச்சி ஒருவர்க்கு இழப்பு, மற்றவர்க்கு ஊதியம்.

காத்தவர் யார், உரியவர் யார்?

சேகரிப்போர் சார்பில் சொல்லத்தக்கது ஒன்று உண்டு. அவர்கள் இல்லையேல் இத்தாள்கள் அடுப்புக்கும் குப்பைக்கும் இரையாகியிருக்கும். பேணிக் காத்தல் நற்பண்பே. எனினும் காத்தல் என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு.

1847 நவம்பரில் அலெக்சாண்டிரியா நகரிலிருந்து ரிச்மண்டு நகரிலிருந்த மங்கை ஒருத்திக்கு ஒரு கடிதம் சென்றது. எழுதியவரும் அவளும் ஒருவரையொருவர் விரும்பியவர்கள். கிறித்தவ சமயத்தில் இருவர் குடும்பங்களும் வேறு வேறு பிரிவைச் சார்ந்தவை ஆதலின் அன்பு மறைவாகவே வளர்ந்தது. வழக்கம்போல் படித்தபின் எரித்துவிடுமாறு அக்கடிதத்திலேயே குறித்திருந்தார். அவள் எரிக்கவில்லை. இருவரும் 1853இல் மணந்தனர். 1907இல் அவர்கள் மகள் தையற்பெட்டியில் அக்கடிதத்தைக் கண்டெடுத்தாள். அவ்வுறையில் ஒட்டியிருந்தது அலெக்சாண்டிரியா அஞ்சலகத் தலைவர் வெளியிட்ட 5 சென்ட் தலை. அவ்வகையில் நீலத்தாளில் அச்சான ஒன்றாக அறியப்பட்டது அது மட்டுமே. 'நீலப் பையன்' என்று பெயர் பெற்ற அது 1981இல் 10,00,000 டாலருக்கும், 2019இல் 11,80,000 டாலருக்கும் விலை போயிற்று.

அவள் அதனைக் காத்தது தலைக்காக அன்று, கடிதத்துக்காக. பின்னர் வாங்கியோர் விலை கொடுத்தது கடிதத்துக்காக அன்று, தலைக்காக. இருவர்க்கும் அத்தாள் அரியதே. முன்னவளுக்கு அது நூறு பேரிடம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அருமை மாறாது. பின்னவர்க்கு மாறும். அன்பினால் வரும் அருமைக்கும் போட்டியால் வரும் அருமைக்கும் உள்ள வேறுபாட்டை இதனினும் தெளிவாகக் காட்டும் சான்றை யான் அறியேன்.

இல்லறத்தார்க்கு உரிய அளவு

நம் இல்லறத்தார்க்கு விதித்த ஐந்து அணுவிரதங்களுள் இறுதியானது மிகுபொருள் விரும்பாமை. அதில் 'மிகு' என்ற சொல் ஆழ்ந்து நோக்கத்தக்கது. துறவியைப் போல் அனைத்தையும் விட்டொழிக்குமாறு இல்லறத்தானை அவ்விரதம் பணிக்கவில்லை. தனக்கென ஓர் எல்லையைத் தானே வகுத்துக்கொள்ளப் பணிக்கிறது. பொருள் கையில் இருப்பதைக் காட்டிலும் அதன்பால் நெஞ்சு மயங்கி நிற்பதையே நம் ஆன்றோர் குற்றமாகக் கண்டனர். அம்மயக்கம் பொற்குவியலின் மீதும் தோன்றலாம். கட்டை விரல் நக அளவுள்ள தாளின் மீதும் தோன்றலாம்.

அமெரிக்கச் செல்வர் பில் கிராஸ் 2005இல் இசட் கிரிலைப் பெற்றுத் தம் 19ஆம் நூற்றாண்டுத் தொகுப்பை முழுமையாக்கினார். அதற்கு மாற்றாக, அவ்வாண்டிலேயே ஏறக்குறைய 29,70,000 டாலருக்கு விலைபோன, விமானப் படம் தலைகீழாக அச்சான 1918ஆம் ஆண்டுத் தலைகள் நான்கைக் கொடுத்தார். முழுமை எய்திய அத்தொகுப்பை 2024இல் அவரே ஏலத்துக்கு அனுப்பினார். முன்னதாக 2007இல் தம்முடைய இங்கிலாந்துத் தலைகளை விற்று வந்த 90 இலட்சம் டாலருக்கு மேற்பட்ட தொகையை 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்புக்கு வழங்கினார். சேர்த்தலுக்கு ஒரு முடிவு உண்டு என்பதும், அம்முடிவு கொடுத்தலாக அமையலாம் என்பதும் இவற்றால் விளங்கும். அதற்கு மாறாக, பெரும் சேகரிப்பாளரான பெராரி தம் தொகுப்பைப் பெர்லின் அஞ்சல் அருங்காட்சியகத்துக்கு எழுதி வைத்தும், 1917இல் அவர் மறைந்தபின் பிரெஞ்சு அரசு அதனைப் போர் இழப்பீடாகக் கைப்பற்றி 1921 முதல் ஏலத்தில் சிதறடித்தது. உடைமை நம் விருப்பத்துக்கு எந்நாளும் கட்டுப்பட்டு நிற்பதில்லை.

நம் இல்லத்துப் பிள்ளைகள் அஞ்சல் தலையோ நாணயமோ சேர்க்க விரும்பினால் பெற்றோர் தடுக்க வேண்டா. நுணுகிக் காணவும், பொறுமையோடு பேணவும், பிற நாட்டு வரலாற்றை அறியவும் அது நல்ல பயிற்சி. அவர்களைக் கவனிக்கும் முறை ஒன்றுண்டு. வகுப்பறையில் இருவகைப் பிள்ளைகளைக் காணலாம். ஒரு பிள்ளை தனக்குக் கிடைத்ததைத் தோழிக்குக் காட்டி, 'இதில் இருப்பவர் யார் தெரியுமா?' என்று கேட்கும். மற்றொரு பிள்ளை, 'இது உன்னிடம் இருக்கிறதா?' என்று கேட்டு, இல்லை என்ற விடையிலேயே மகிழும். இரண்டாம் வினா பிள்ளையின் வாயில் எழும்போதே மெல்லத் திருத்துதல் தாய்தந்தையர் கடன். அவ்வினா வளர்ந்தால் அஞ்சல் தலையோடு நில்லாது. நகையிலும் மனையிலும் மணவிழாவின் ஆடம்பரத்திலும் சென்று பற்றும்.

கடிதம் போய்ச் சேர்ந்த அன்றே அஞ்சல் தலையின் கடமை முடிந்தது. அதன் பின்னர் அதற்கு நாம் தரும் பெருமையெல்லாம் நம் நெஞ்சு தருவது. தருவது நெஞ்சாதலின், எவ்வளவு தருவது என்று வரையறுப்பதும் நெஞ்சின் கையிலேயே உள்ளது. அரியவற்றைக் கண்டு மகிழ்வோம்; கற்போம்; பிறர்க்கும் காட்டுவோம். பிறரிடம் இல்லை என்பதற்காக மட்டும் எதனையும் விரும்பாதிருப்போமாக.