பிஷப்பின் தார்த் தண்ணீர்

1708 அக்டோபர் 4-ஆம் தேதி ‘பாஸ்டன் நியூஸ்-லெட்டர்’ பத்திரிகையில் ஒரு சின்ன விளம்பரம் வந்தது. டாஃபி எலிக்சர், அரை பைன்ட் பாட்டில் நாலு ஷில்லிங் ஆறு பென்ஸ். கிடைக்குமிடம் நிக்கலஸ் பூன் என்பவரின் கடை. அடையாளம், வாசலில் பைபிள் படம் போட்ட பலகை. அமெரிக்கக் குடியேற்றங்களில் அச்சேறிய முதல் பாட்டில் மருந்து விளம்பரம் இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. மருந்தை உண்டாக்கிய தாமஸ் டாஃபி இங்கிலாந்தில் ஒரு பாதிரியார். உள்ளே இருந்த சரக்கில் முக்கியமானது சாராயத்தில் ஊறிய நிலாவாரை. சுருக்கமாகச் சொன்னால், போதை கலந்த பேதி மருந்து.

பைபிளும் பாட்டிலும் ஒரே பலகையின் கீழ் விற்றதில் அந்தக் காலத்துக்காரர்களுக்கு எந்த உறுத்தலும் இருந்திருக்காது. உடம்பில் நாலு வகை நீர்கள் ஓடுகின்றன, அவற்றின் அளவு பிசகுவதே நோய் என்பது அன்றைய ஐரோப்பிய வைத்தியம். வாத பித்த கபம் என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. நோய்க்கு ஆயிரம் பெயர் இருந்தாலும் வேர் ஒன்று என்றால், அந்த வேரைப் பிடுங்க ஒரு மருந்து போதாதா? ஞாயிற்றுக்கிழமை பிரசங்கமும் துன்பத்துக்கெல்லாம் மூலம் பாவம் என்று ஒன்றையே சொன்னது. சர்வரோக நிவாரணி என்பது வெறும் புளுகாக அன்று யாருக்கும் படவில்லை. அதற்குப் பின்னால் ஒரு தத்துவம் இருந்தது.

1744-இல் இந்தத் தத்துவத்துக்கு இரண்டு முகங்கள் வாய்த்தன.

ஒருவர் லண்டன் வியாபாரி ராபர்ட் டர்லிங்டன். தன் ‘உயிர்த் தைல’த்துக்கு இரண்டாம் ஜார்ஜ் மன்னரிடம் காப்புரிமை வாங்கினார். சிறுநீரகக் கல், வயிற்று வலி, உள் பலவீனம் என்று பட்டியல் நீண்டது. மன்னரின் பெயர் இருந்ததால் சனங்கள் நம்பினார்கள். மருந்து கேட்குமா என்று அரண்மனையில் யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. அது காப்புரிமையின் வேலையும் அல்ல. கள்ளச் சரக்குக்காரர்களோடு மல்லுக்கட்டி, பாட்டிலின் வடிவத்தையே மாற்றினார் டர்லிங்டன். அந்தக் கண்ணாடிச் சீசாக்கள் அமெரிக்கப் பழங்குடியினரின் கல்லறைகளில்கூடக் கிடைத்திருக்கின்றன. தைலத்தின் சேர்மானத்தில் ஒன்று, நம் வீடுகளில் வெள்ளிக்கிழமை புகையும் சாம்பிராணி.

இன்னொருவர் அயர்லாந்தில் க்ளாயின் பிஷப், ஜார்ஜ் பெர்க்லி. மனத்தால் உணரப்படாமல் தனியே சடப்பொருள் என்று எதுவும் இல்லை என்று வாதாடிய தத்துவ ஞானி. 1740-41 பஞ்சத்தில் அவருடைய மக்கள் வயிற்றுக்கடுப்பால் சுருண்டு விழுந்தபோது அவரே வைத்தியரானார். அவர் பெரிதாக நம்பிய மருந்து தார்த் தண்ணீர். தார் என்றால் ரோட்டில் ஊற்றுவது அல்ல, பைன் மரத்திலிருந்து வடிப்பது. ஒரு காலன் குளிர்ந்த தண்ணீரில் கால் காலன் தாரை ஊற்றிச் சில நிமிடம் நன்றாகக் கலக்க வேண்டும். இரண்டு நாள் அசையாமல் வைத்தால் தார் அடியில் தங்கிவிடும். மேலே தெளிந்ததை இறுத்து, காலையும் இரவும் அரை பைன்ட் குடிக்க வேண்டும். ரகசியம் இல்லை, காப்புரிமை இல்லை, தனக்கென்று ஒரு பென்னி லாபம் இல்லை. ஊருக்கே சொல்லிக் கொடுத்தார்.

சொன்ன விதம்தான் விசித்திரம். 1744-இல் அவர் வெளியிட்ட ‘சைரிஸ்’ நூலில் 368 பத்திகள். தார்த் தண்ணீர் தயாரிப்பில் தொடங்கி, மரப்பிசின், அதற்குள் ஒளிந்திருக்கும் சூரிய ஒளி, ஒளியை இயக்கும் நுண்தீ, பிளேட்டோ என்று படிப்படியாக ஏறி, கடைசியில் திரித்துவத்தில் போய் நிற்கிறது. உலகமே ஒரே சங்கிலியாக இறைவனிடம் முடிகிறது என்றால், ஒரு கோப்பைத் தாரில் எல்லாப் பிணிக்கும் விடை இருக்கக் கூடாதா என்பது உள்ளே ஓடும் கேள்வி. தத்துவம் என்ற அளவில் அழகுதான். வயிற்றுக்கடுப்புக்காரனுக்கு அதனால் என்ன பிரயோசனம்?

எல்லா நோய்க்கும் என்கிறாயே என்று கேலி செய்தவர்களுக்குப் பெர்க்லி ஒளிவுமறைவில்லாமல் பதில் எழுதினார். இது சர்வரோக நிவாரணியாக இருக்கலாம் என்றே ஊகிக்கிறேன். நான் சொல்வது தவறாகவும் இருக்கலாம், சோதித்துப் பாருங்கள் என்றார். அதோடு ஒரு விளக்கமும் கொடுத்தார்: சர்வரோக நிவாரணி என்றால் எல்லா ஆளையும் பிழைக்க வைப்பது என்று அர்த்தமில்லை, மனிதன் சாகப் பிறந்தவன், எல்லா வகை நோய்க்கும் குணமோ ஆறுதலோ தருவது என்றுதான் அர்த்தம். மரணம் நேர்ந்தாலும் அசையாத இடத்தில் மருந்தை உட்கார வைத்துவிடும் வாக்கியம் இது. பிழைத்தால் தார், செத்தால் விதி. பிரார்த்தனைக்கு இந்த இடம் பொருந்தும். பிரார்த்திப்பவர் இறைவனோடு வரவு செலவு பார்ப்பதில்லை. மருந்துக்குப் பொருந்தாது. 1746-இல் அவர் நண்பர் தாமஸ் பிரையர் குணமானவர்களின் கடிதங்களைப் புத்தகமாகத் தொகுத்தார். குடித்தும் செத்தவர்கள் கடிதம் போட வழியில்லை.

ஆசைக்காரனை விட்டுவிடலாம், டர்லிங்டனை ஒரு வரியில் கண்டிக்க முடியும். பெர்க்லிதான் சங்கடப்படுத்துகிறார். நேர்மை, படிப்பு, இரக்கம் எல்லாம் இருந்தும், சொன்னதை நிரூபிக்க அவை எதுவும் உதவவில்லை.

மதகுருவாக இருந்ததே கோளாறு என்றும் சொல்ல முடியாது. 1721-இல் பாஸ்டனில் பெரியம்மை பரவியபோது, அம்மைப் பாலைக் கீறி ஏற்றும் முறைக்காக வாதாடியவர் காட்டன் மேதர் என்ற பாதிரியார். அவருக்கு அதைச் சொன்னவர் அவரிடம் அடிமையாக இருந்த ஆப்பிரிக்கர் ஒனேசிமஸ். பட்டம் பெற்ற டாக்டர் வில்லியம் டக்ளஸ் கடுமையாக எதிர்த்தார். மேதரின் வீட்டு ஜன்னல் வழியே ஒருவன் வெடிகுண்டே வீசினான். நல்லவேளை, அது வெடிக்கவில்லை. மேதர் ஒன்றும் பகுத்தறிவுச் சிங்கம் அல்ல. பேய் பிசாசு நம்பிக்கையும் வினோத வைத்தியக் குறிப்புகளும் அவரிடம் ஏராளம்.

ஆனால் இந்த ஒரு விஷயத்தில் பேச்சு ஒரே நோயைப் பற்றியது. தோற்றால் தோற்றது தெரியும். இயற்கையாக அம்மை கண்ட ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களில் 844 பேர் இறந்தார்கள். கீறிக்கொண்ட இருநூற்றுச் சொச்சம் பேரில் இறந்தவர்கள் 6. கீறிக்கொண்டவர்கள் முன்பே திடமானவர்களாக இருந்திருக்கலாம் என்று இன்றைய புள்ளியியல்காரர் முணுமுணுப்பார், நியாயமே. இருந்தாலும் அவர்களுக்குக் கீறி ஏற்றிய வைத்தியர் சப்டியல் பாய்ல்ஸ்டன் 1726-இல் லண்டனில் வெளியிட்ட நூலில் அந்த இறப்புகளையும் மறைக்காமல் அச்சிட்டார்.

பெர்க்லி 1729 முதல் மூன்று வருடத்துக்குச் சற்றுக் குறைவாக ரோட் ஐலண்டின் நியூபோர்ட்டில் குடியிருந்தவர். பெர்முடாவில் கல்லூரி கட்ட வருவதாக இருந்த பணம் வராமல் போகவே, 1731 செப்டம்பரில் பாஸ்டனிலிருந்து கப்பல் ஏறினார். பாய்ல்ஸ்டனின் நூல் வந்து அப்போது ஐந்து வருடம் ஆகியிருந்தது. ‘சைரிஸ்’ நூலின் முதல் பக்கத்தில் அவர் நினைவுகூர்வது வேறு: அமெரிக்காவின் சில பகுதிகளில் பெரியம்மை வராமலிருக்கத் தார்த் தண்ணீர் குடிக்கிறார்களாம்.