பதில் வரும்வரை பேனாவைத் திறக்காதீர்கள்

"அதெல்லாம் சொன்னா உங்களுக்குப் புரியாது." இந்தப் பேச்சுக்கு இன்னும் எத்தனை நாள் தலையாட்டப் போகிறீர்கள்? கால் காணி நிலம் வாங்கினால் நாலு எல்லையையும் வாசிக்கச் சொல்லிக் கேட்கிற நீங்கள், ஆஸ்பத்திரியில் நீட்டிய தாளில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுவது என்ன நியாயம்?

அந்தத் தாளில் உள்ள மருத்துவச் சொற்கள் பூதம் இல்லை. பெயர் 'ஐடிஸ்' என்று முடிகிறதா? பெரும்பாலும் அந்த உறுப்பில் அழற்சி என்று அர்த்தம். 'எக்டமி' என்று முடிந்தால், வெட்டி எடுப்பது. பயாப்ஸி என்றதுமே வீட்டில் அழுகுரல் கேட்கிறது. அது நோயின் பெயரே இல்லை, சிறிது திசுவை எடுத்துச் சோதிப்பது, அவ்வளவுதான். 'இடியோபதிக்' என்ற சொல்லைக் கண்டும் மிரள வேண்டாம். காரணம் டாக்டருக்கும் தெரியவில்லை என்பதைத்தான் கம்பீரமாக எழுதியிருக்கிறார்!

ஹெச்பிஏ1சி என்ற சர்க்கரைச் சோதனை என்ன சொல்கிறது? ரத்தச் சிவப்பணு சுமார் 120 நாள் வாழ்கிறது. அதிலுள்ள ஹீமோகுளோபினில் ஒட்டிய சர்க்கரையின் அளவு, உங்கள் கடந்த இரண்டு மூன்று மாதக் கணக்கைக் காட்டிவிடுகிறது. சோதனைக்கு முதல்நாள் மட்டும் இனிப்பை ஒதுக்கி அதை ஏமாற்ற முடியாது. 6.5 சதவீதமும் அதற்கு மேலும் நீரிழிவு. இதில் புரியாதது எது?

தெரியாமல் இருப்பதன் விலை பெரிது. டெல்லியில் 44 வயதுப் பெண் ஒருவர் வயிற்றுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் லேப்ராஸ்கோப்பிச் சோதனைக்குச் சம்மதித்துக் கையெழுத்திட்டார். அவர் மயக்கத்தில் கிடந்தபோதே, தாயாரிடம் சம்மதம் வாங்கிக் கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் அகற்றிவிட்டார்கள். அவர் சும்மா இருக்கவில்லை, போராடினார். ஒரு சோதனைக்குத் தந்த சம்மதம் இன்னொரு அறுவை சிகிச்சைக்குச் செல்லாது என்று 2008இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கேள்வி கேட்பது அடாவடி அல்ல, உங்கள் உரிமை.

"நான் இங்கிலீஷ் படிக்காதவன்" என்று ஒதுங்காதீர்கள். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் 1860களிலேயே நம் பிள்ளைகளுக்கு மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்றுக்கொடுத்தார். கிரே எழுதிய உடற்கூற்று நூல் 1872இல் தமிழில் வந்துவிட்டது. ஒரு மருத்துவப் படிப்பையே தாங்கிய மொழி, உங்கள் வீட்டு ரிப்போர்ட்டைத் தாங்காதா?

உயிருக்குப் போராடும் நேரத்தில் தர்க்கம் பேச வேண்டாம். மற்ற நேரமெல்லாம் நிமிர்ந்து உட்காருங்கள். "இந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் டாக்டர்? செய்யாவிட்டால் என்ன ஆகும்? வேறு வழி உண்டா?" என்று கேளுங்கள். நல்ல டாக்டர் கோபிக்க மாட்டார். சிகிச்சை ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்பது இந்திய மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நடத்தை விதி. கேட்டு வாங்குங்கள், வரிவரியாகப் படியுங்கள். புரியாத சொல்லின் கீழ் கோடு போட்டுக்கொண்டு, அடுத்த முறை அந்தத் தாளோடு உள்ளே போங்கள்.