கொலைகாரனுக்கு வழித்துணை

தென்பெண்ணைக் கரையிலுள்ள திருக்கோவலூர், மலையமான்களின் ஊர். மிலாடு என்றும் சேதிநாடு என்றும் வழங்கிய சிறிய நாடு அவர்களுடையது. சங்க காலத்துத் திருமுடிக்காரி அந்தக் குடியைச் சேர்ந்தவன். பிற்காலத்தில் அவர்கள் சோழர்களுக்குக் கீழே சிற்றரசர்களாக இருந்தார்கள். ராஜராஜனின் தாய் வானவன்மாதேவி மலையமான் குலத்தில் பிறந்தவர் என்பதை அவ்வூர் வீரட்டானக் கோயில் கல்வெட்டு சொல்கிறது.

அந்நாட்டு அரசராக இருந்த மெய்ப்பொருள் நாயனாரின் கதையைச் சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் பாடினார். அதில் கடினமான ஒரு கேள்வி இருக்கிறது. திருநீற்றைக் கொலைக்கு மறைப்பாக ஒருவன் பூசி வந்தால், அந்த நீற்றுக்கு அப்போதும் மரியாதை உண்டா?

மெய்ப்பொருளாரிடம் போரில் பலமுறை தோற்ற முத்தநாதன், மேனியெங்கும் நீறு பூசி, சடை முடிந்து, சுவடிக்கட்டோடு இரவில் அரண்மனைக்கு வருகிறான். மெய்க்காவலன் தத்தன், அரசர் துயிலும் நேரம் என்று தடுத்துப் பார்க்கிறான். முத்தநாதன் அவனை விலக்கி உள்ளே போய், எங்கும் கிடைக்காத ஆகமத்தைக் கொண்டுவந்திருப்பதாக அரசரிடம் சொல்கிறான். அரசியையும் விலகச் சொல்கிறான். அவனை ஆசனத்தில் அமர்த்திவிட்டு அரசர் தரையில் அமர்ந்து வணங்குகிறார். சுவடிக்கட்டுக்குள் இருந்தது கத்தி.

பாய்ந்து வந்த தத்தனின் வாளைத் தடுத்து, இவர் நம்மவர் என்கிறார் அரசர். எவரும் தீங்கு செய்யாதபடி ஊருக்கு வெளியே கொண்டுபோய் விடச் சொல்கிறார்.

ஏமாந்தவரின் வெகுளித்தனம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. கத்தி இறங்கியபோதே அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகுதான் காக்கிறார். நீறு பூசிய ஒருவனைத் தத்தன் வெட்டியிருந்தால், மறுநாள் முதல் அந்த ஊருக்கு வரும் ஒவ்வோர் அடியாரும் சந்தேகத்துக்கு ஆளாகியிருப்பார். பக்கத்துத் திருமுனைப்பாடியை ஆண்ட நரசிங்க முனையரையரும் இதே வழியில் போனவர்தான். ஒழுக்கம் கெட்ட ஒருவர் நீறணிந்து வந்தபோது பிறர் அருவருத்து விலக, அவர் மற்ற அடியார்களுக்குக் கொடுத்ததைப் போல இருமடங்கு பொன் கொடுத்து அனுப்பினார்.

ஆனால் முனையரையருக்குச் செலவானது பொன். மெய்ப்பொருளார் கொடுத்தது ஒரு நாட்டின் காவலை. தன்னைக் குத்தியவனை மன்னிக்க அவருக்கு உரிமை உண்டு; குடிமக்களின் பகைவனை அவர்கள் சார்பில் மன்னிக்கவும் உரிமை உண்டா? பகை சூழ்ந்த சிற்றரசில் இது சின்னக் கேள்வி அல்ல. அவருடைய பக்தியில் குறை காண இடமில்லை. அரசர் என்ற முறையில் அவர் குடிகளுக்குக் கடன்பட்டே போனார்.

அந்தக் கடனின் பாரத்தைச் சுமந்தவன் தத்தன். செய்தி பரவி, ஊரார் கொதித்தெழுந்து முத்தநாதனைச் சூழ்கிறார்கள். தத்தன் அரசரின் ஆணையைச் சொல்லிச் சொல்லி அவர்களை விலக்குகிறான். தானே கொன்றுபோட நினைத்தவனுக்குத் தானே துணையாக நடந்து, ஊர் தாண்டிக் காட்டுவழியில் விட்டுவிட்டுத் திரும்புகிறான்.

அதுவரை உயிரைப் பிடித்துவைத்திருந்த அரசர், நீ இன்று செய்த உதவியை வேறு யாரால் செய்ய முடியும் என்று அவனிடம் நெகிழ்ந்து சொல்கிறார். பிறகு அரசுரிமை பெறுவோரிடமும் உற்றாரிடமும், நீற்றின்மேல் வைத்த அன்பு வழுவாமல் காக்கச் சொல்கிறார். பழிவாங்கும்படி ஒரு சொல்லும் அவர் வாயிலிருந்து வரவில்லை.