கொன்றது பாலைவனமா?

எல்லையில் சுவர் எழுப்புவோர் இரண்டு செயல்களைச் செய்கின்றனர்: ஒரு வழியை அடைக்கின்றனர், மற்றொரு வழியில் மனிதரைத் தள்ளிவிடுகின்றனர். முதலாவதைப் பற்றி உலகம் ஓயாது பேசுகிறது. இரண்டாவதை ஆராய்ந்தவர்களுள் ஒருவர் மானிடவியல் அறிஞர் ஜேசன் டி லியோன்.

1994ஆம் ஆண்டில் அமெரிக்க எல்லைக் காவற்படை புதியதொரு திட்டம் வகுத்தது. சான் டியேகோ, எல் பாசோ போன்ற நகரங்களின் ஓரத்தில் வேலியும் காவலும் பெருகின. நகர வழிகள் அடைபட்டால், மெக்சிகோவிலிருந்து வருவோர் கடுமையான நிலப்பகுதிகளை நாட நேரும். அந்நிலத்தின் கொடுமையே அவர்களைத் தடுத்துவிடும் என்பது திட்டத்தின் கணக்கு. ஆயினும், வறுமையும் வன்முறையும் துரத்த வந்தவர்கள் திரும்பவில்லை. அரிசோனாவின் சொனோரா பாலைவனத்தில் இறங்கினர். கோடையில் அங்கு வெப்பம் 40 பாகையைக் கடக்கும். பல நாள் நடைக்கு வேண்டிய தண்ணீரை மனிதத் தோள்கள் சுமக்க இயலாது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். பலருடைய எலும்புகளுக்கு இன்னும் பெயர் கிடைக்கவில்லை.

பாலையில் கிடந்த முதுகுப்பைகளையும் தண்ணீர்ப் புட்டிகளையும் செபமாலைகளையும் டி லியோன் தொல்பொருள்களைப் போல் சேகரித்து ஆராய்ந்தார். 'திறந்த கல்லறைகளின் நிலம்' என்று பொருள்படும் அவரது நூல் 2015இல் வெளிவந்தது. அது உணர்த்தும் உண்மை கசப்பானது: எவரும் சுடவில்லை, வெயிலே கொன்றது; ஆகவே குற்றவாளி என்று எவரும் இல்லை.

நாட்டிற்குத் தன் எல்லையைக் காக்கும் உரிமை உண்டு. திருச்சபையும் அதனை மறுக்கவில்லை. சட்டத்தை மீறி நுழைவோருக்குத் தண்டனையும் உண்டு. ஆனால் எல்லை கடந்ததற்குச் சாவே தண்டனை என்று அந்நாட்டின் எந்தச் சட்டமும் விதிக்கவில்லை. 'அவர்கள் சாவை நாங்கள் விரும்பவில்லை' என்று ஆட்சியாளர் கூறலாம். தீமை விளையும் என முன்னறிவது வேறு, அதனை நாடுவது வேறு என அறநெறி இறையியலும் பகுத்துரைக்கிறது. எனினும், அச்சத்தால் தடுப்பதே நோக்கமாகவும், பாலையின் கொடுமையே அந்த அச்சமாகவும் இருக்கையில், அக்கொடுமை எதிர்பாராத பக்கவிளைவு ஆகாது. அதுவே கருவி. கருவியைத் தேர்ந்தவன் அதன் செயலுக்குப் பொறுப்பாளி அன்றோ?

2001 முதல் அப்பாலையில் தன்னார்வத் தொண்டர்கள் நீலக்கொடி நாட்டித் தண்ணீர்த் தொட்டிகளை வைத்து வருகின்றனர். எல்லைச் சட்டம் எதுவாயினும், தாகத்தால் ஒருவன் சாகலாகாது என்பதே அவர்களது நிலை.

ஆபேலின் குருதியைக் குடித்தது நிலம். ஆயினும் இறைவன் நிலத்தினிடம் கணக்குக் கேட்கவில்லை, காயினிடமே கேட்டார்.