யாரைக் காப்பாற்றியது சட்டம்?

மதத்தின் பேரால் ஓர் ஆண் பல பெண்களைக் கட்டிக்கொள்வதை ஆணாதிக்கம் என்றே நான் சொல்வேன். கடவுள் ஆம்பளைகிட்ட மட்டும் வந்து பேசிட்டுப் போறது எல்லா மதத்திலும் உள்ள சங்கதிதான். இதில் எனக்குக் குழப்பமில்லை. அதை ஒழிக்க வருகிற அரசைப் பற்றித்தான் கேள்வி.

அமெரிக்காவின் யூட்டா பகுதியில் மார்மன் திருச்சபை 1852இல் பலதார மணத்தைத் தன் கோட்பாடாக அறிவித்தது. 1862இல் அந்நாட்டு நாடாளுமன்றம் அதைக் குற்றமாக்கியது. 1879இல் ரெனால்ட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது: நம்பிக்கையில் அரசு தலையிடாது, நடத்தையில் தலையிடும். கணவனின் சிதையில் ஏறுவது கடமை என்று ஒரு பெண் நம்பினால் அரசு தடுக்கக் கூடாதா என்றும் கேட்டது. இந்த வாதம் நமக்கும் வேண்டியது. 'எங்க சம்பிரதாயம்' என்று சொல்லித்தானே நம்மைக் கோயிலுக்கு வெளியே நிறுத்தினார்கள்.

ஆனால் அதே தீர்ப்பு, இது ஆசிய, ஆப்பிரிக்க மக்களின் வழக்கம் என்றும் முகம் சுளித்தது. நான்கே ஆண்டுகளில், 1883இல், விடுதிகளிலும் ரயில்களிலும் கறுப்பர்களை ஒதுக்குவதைத் தடுத்த 1875ஆம் ஆண்டுச் சட்டத்தை அதே நீதிமன்றம் செல்லாது என்றது. மார்மன் வீட்டுக்குள் நுழையத் தெரிந்த அரசுக்கு விடுதி வாசலில் கால் வரவில்லை.

சரி, அந்தப் பெண்களுக்காவது என்ன கிடைத்தது? யூட்டா பெண்கள் 1870லேயே ஓட்டுரிமை பெற்றவர்கள். ஓட்டு கையில் இருந்தால் பலதார மணத்தை அவர்களே ஒழிப்பார்கள் என்று வெளியே சிலர் எதிர்பார்த்தார்கள். நடக்கவில்லை. உடனே, 'புருஷன் சொல்ற மாதிரி போடுறாளுங்க' என்று பேச்சு கிளம்பியது. சேரிக்காரன் சாராயத்துக்கு ஓட்டை வித்துருவான் என்று நம்மைச் சொல்கிற அதே வாய்!

1887இல் வந்த எட்மண்ட்ஸ்-டக்கர் சட்டம் யூட்டாவின் எல்லாப் பெண்களின் ஓட்டையும் பிடுங்கியது. பலதார மணத்தில் இனிப் பிறக்கும் பிள்ளைகளுக்குத் தகப்பன் சொத்தில் பங்கில்லை என்றது. அந்த ஆண்டுகளில் கணவனுக்கு எதிராகச் சாட்சி சொல்ல மறுத்த மனைவிகள் சிறைக்கும் போனார்கள். 1890இல் திருச்சபை பணிந்தது. 1896இல் யூட்டா மாநிலமானபோது, பெண்கள் போராடித்தான் ஓட்டைத் திரும்ப வாங்கினார்கள்.

1953இல் அரிசோனா அரசு ஷார்ட் கிரீக் என்ற ஊரை வளைத்து, இருநூறுக்கும் மேற்பட்ட குழந்தைகளைத் தன் பொறுப்பில் கொண்டுபோனது. 2020இல்தான் யூட்டா வேறு வழிக்கு வந்தது. மனமொத்த பெரியவர்களுக்குள் என்றால் சிறு குற்றம்; வற்புறுத்தல், மிரட்டல், சிறுவர் வதை சேர்ந்தால் பெருங்குற்றம். ஜெயிலுக்குப் பயந்தால் அடிபட்டவள் வெளியே வந்து புகார் சொல்லமாட்டாள் என்பது புரிய 158 வருஷம் ஆகியிருக்கிறது.

சட்டம் வேண்டாம் என்பதல்ல என் பேச்சு. சட்டம் வந்தபின் அந்தப் பெண்ணின் கையில் ஓட்டும் சொத்தும் வெளியேறும் வழியும் கூடியதா, குறைந்ததா? இதைக் கேட்காமல் எந்தச் சீர்திருத்தத்துக்கும் கைதட்ட நான் தயாரில்லை.