பயனில் அலைதலும் பயனுடை நடையும்

இல்லறத்தார்க்குரிய குணவிரதங்கள் மூன்றனுள் ஒன்று அனர்த்த தண்ட விரதம். பயனின்றி உயிர்களுக்குத் துன்பம் விளைக்கும் செயல்களை விலக்குதலே அது. வீணே நிலத்தை அகழ்தல், நீரைச் சிதறுதல், தீ மூட்டுதல், மரஞ்செடிகளை ஒடித்தல் ஆகியவற்றோடு, வீணே அலைதலையும் பிறரை அலையச் செய்தலையும் சமந்தபத்திர ஆசாரியர் இரத்தின கரண்டக சிராவகாசாரத்துள் குற்றமாக எண்ணினார். அந்நூலின் வழிவந்த அருங்கலச்செப்பினைப் பயின்ற நம் குடும்பத்தார் இதனை நன்கு அறிவர்.

இந்நாளில் விடுமுறை தோறும் கூட்டமாக மலையேறும் வழக்கம் பெருகி வருகிறது. அந்நடை அனர்த்த தண்டமா, அன்றி அறத்தின்பாற்பட்டதா? "பொழுதுபோக்கில் பாவம் என்ன?" என்பர் ஒரு சாரார். "மலைப்பக்கம் எவருமே செல்ல வேண்டா" என்பர் மற்றொரு சாரார். இரு கூற்றையும் ஆராய்தல் வேண்டும்.

2010ஆம் ஆண்டில் மதுரை யானைமலையைச் சிற்ப நகரமாக மாற்றும் திட்டம் எழுந்தது. தமிழ் பிராமிக் கல்வெட்டும் தீர்த்தங்கரர் திருவுருவங்களும் உள்ள மலை அது. ஊர் மக்கள் எதிர்த்து நின்று அதனைக் காத்தனர். அவ்வாண்டில்தான் எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் முன்னின்று 'பசுமை நடை' என்னும் குழுவைத் தொடங்கினார். தொல்லியல் அறிஞர் சொ. சாந்தலிங்கம் போன்றோர் மலைமீதே வரலாற்றை விளக்க, சமணர் என்னும் சொல்லையே அதுவரை கேட்டறியாத மக்களும் கற்படுக்கைகளைக் கண்டனர். அக்குழுவினர் சென்றுவந்த அரிட்டாபட்டிப் பகுதியில் 2024இல் தங்ஸ்டன் சுரங்கத்திற்கு ஏலம் விடப்பட்டது. மக்களின் எதிர்ப்பால் 2025 சனவரியில் அது கைவிடப்பட்டது. ஒரு மலையின் அருமையை அறிந்தவரே அதற்காகக் குரல் கொடுப்பர். ஆதலின் எவரும் செல்லலாகாது என்பது பொருந்தாது.

மதுரை ஆசிரியரான இளங்கௌதமர் 9ஆம் நூற்றாண்டில் நம் பக்கத்துச் சித்தன்னவாசலுக்கு வந்து அறிவர் கோயிலைப் புதுப்பித்தார். அவர் நடந்த நெடுவழியை வீண் அலைச்சல் என எவர் கூறுவர்?

எனினும், அக்குன்றின் ஏழடிப்பட்டத்தில் 17 கற்படுக்கைகள் உள்ளன. அங்குத் துறவியர் நாடியது தனிமையும் அடக்கமும். அத்தகைய இடத்தில் உரக்கப் பேசி, உணவை இறைத்து, பாறையில் பெயர் பொறித்துத் திரும்புவோர்க்கு மலையேறியதால் விளைந்த பயன் யாது?

முனிவர்க்கு விதித்த ஈரியாசமிதி, நுகத்தளவு நிலத்தை நோக்கி, உயிர்களை மிதியாது நடத்தல். இல்லறத்தார்க்கு அது முழுமையாக இயலாது; ஆயினும் அதுவே நமக்கு அளவுகோல். நெருக்கியடித்துச் செல்லும் கூட்டம் தன் காலடியைக் காணாது. பிறரை அலையச் செய்தலும் தனியே எண்ணப்பட்டுள்ளமையின், அழைத்துச் செல்வோர்க்கே பொறுப்பு மிகுதி. அவர்கள் ஆட்களின் எண்ணிக்கையை வரையறுத்தல் வேண்டும். சிற்றுயிர்கள் மிகும் மழைக்காலத்தைத் தவிர்த்தல் வேண்டும். செல்லும் இடத்தின் பெருமையை முன்னரே உணர்த்துதல் வேண்டும். துறவியரே சாதுர்மாசத்தில் ஓரிடத்தில் தங்குகின்றனர் அன்றோ?

எங்கள் குளத்தூர் வட்டத்து நார்த்தாமலையிலும் 'சமணர் குடகு' எனப் பெயர் வழங்கும் குகை உண்டு. நம் பிள்ளைகளை அங்கெல்லாம் அழைத்துச் செல்லுங்கள். செல்லுமுன் இவ்விரதத்தின் பொருளை வீட்டில் ஒருமுறை சொல்லிக் கொடுங்கள்.