தங்குவதா? தப்புவதா?

வீடு என்றால் என்ன? நான்கு சுவரும் ஒரு கூரையும்தானா? அன்று! அது ஒருவன் உழைப்பின் உருவம். அவன் பிள்ளைகள் தவழ்ந்த தரை. அந்த வீட்டை நோக்கி நெருப்பு வருகிறது, "வெளியே வா" என்று அதிகாரிகள் அழைக்கின்றனர், "வரமாட்டேன்" என்கிறான் அவன். யார் பக்கம் நியாயம்?

வேலையற்றோர் விவாதம் அல்ல இது. திண்டுக்கல் சமவெளியில் நின்று பார்த்தால் ஒருபுறம் கொடைக்கானல் மலை, மறுபுறம் சிறுமலை. கோடை இரவுகளில் மலைச்சரிவிலே செங்கோடு ஒன்று ஊர்ந்து செல்வதை நம் ஊரார் அறிவர். 2024-ஆம் ஆண்டுக் கோடையில் பூம்பாறை, மன்னவனூர் பக்கத்து மலைகளில் தீ பரவியது. தொலைவில் நிற்போர்க்கு அது காட்சி. அங்கே குடியிருப்போர்க்கோ வாழ்வா சாவா என்ற கேள்வி!

அண்டைய தேனி மாவட்டத்தில், 2018 மார்ச் 11 அன்று, கொழுக்குமலையிலிருந்து குரங்கணி நோக்கி இறங்கிய மலையேற்றக் குழுவினரைக் காட்டுத்தீ வளைத்துக் கொண்டது. மாண்டோர் 23 பேர். அவர்கள் வீட்டை விட்டு வர மறுத்தவர்கள் அல்லர். எனினும் ஒரு பாடத்தை விட்டுச் சென்றனர். தீ சரிவில் மேல்நோக்கி ஏறும்போது அதன் வேகம் பெருகும். புகை கண்ணை மறைக்கும். வழி தெரிந்தவனும் வழி தவறுவான். எனவே நெருப்பு நெருங்கியபின் முடிவு செய்வோம் என்பவன், முடிவு செய்யும் உரிமையையே நெருப்பிடம் ஒப்படைத்துவிட்டான்!

"விதி இருந்தால் பிழைப்போம், இல்லையேல் எங்கே போனாலும் சாவுதான்" என்பர் சிலர். அப்படியானால் இரவில் கதவுக்குத் தாழ் எதற்கு? காய்ச்சல் வந்தால் மருந்து எதற்கு? மற்ற நாட்களில் மதியை நம்பி, ஆபத்து நாளில் மட்டும் விதியை நம்புவது துணிவல்ல. சிந்திக்க அஞ்சும் நெஞ்சம் தேடும் மறைவிடம்! இந்த வாதத்தைப் பகுத்தறிவாளர் ஒரு நொடியில் ஒதுக்கலாம்.

ஆனால் ஒதுக்க முடியாத வாதம் ஒன்று உண்டு. "என் உயிர், என் வீடு; முடிவும் என்னுடையது" என்பது அது. ஆங்கில அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில், 1859-இல் வெளியிட்ட சுதந்திரம் பற்றிய நூலில், பாலம் ஒன்றைக் காட்டுகிறார். இடிந்து விழுவது உறுதியான பாலத்தில் ஒருவன் கால் வைக்கிறான், எச்சரிக்க நேரமில்லை. அவனைப் பிடித்து இழுக்கலாம். அவன் ஆற்றில் விழ விரும்பியவன் அல்லன். ஆனால் விழுவது உறுதியல்ல, ஆபத்து மட்டுமே என்றால், அறிந்த மனிதனை எச்சரிக்கலாம். தடுப்பதற்கில்லை என்கிறார் மில்.

அமெரிக்காவில் செயின்ட் ஹெலன்ஸ் எரிமலை குமுறிய நேரத்தில், அதன் அடிவாரத்தில் விடுதி நடத்திய ஹாரி ட்ரூமன் என்ற 83 வயது முதியவர் வெளியேற மறுத்தார். 1980 மே 18-இல் மலை வெடித்தது. மாண்ட 57 பேரில் அவரும் ஒருவர். அவரை மூடர் என்று ஏச என் நா எழவில்லை. அறிந்தார், தேர்ந்தார். அது அவர் உரிமை.

ஆனால் தோழர்களே, அந்த உரிமைக்கு எல்லை இல்லையா? தனி மனிதர் தங்கலாம். தொட்டிலில் கிடக்கும் குழந்தை தங்க ஒப்புக்கொண்டதா? குடும்பத் தலைவன் என்ற பெயரால் ஒருவன் சொல்ல, மனைவியும் மக்களும் உடன் எரிவது எந்த நியாயம்? காப்பாற்ற வருவோனும் ஒரு தாயின் பிள்ளைதானே! 2017 பிப்ரவரியில் பந்திப்பூர்க் காட்டில் தீயை அணைக்கச் சென்ற வனக்காவலர் ஒருவர் உயிரிழந்தார். கடைசி நொடியில் "காப்பாற்றுங்கள்" என்று கூவப் போகிறவனுக்கு, முதல் நொடியில் "வரமாட்டேன்" என்று சொல்லும் உரிமை பாதியாகக் குறைந்துவிடுகிறது.

"ஆயத்தமாக இருந்து வீட்டைக் காப்பாற்று, அல்லது முன்னதாகவே வெளியேறு" என்பது ஆஸ்திரேலியாவில் நெடுநாள் கொள்கை. 2009 பிப்ரவரி 7-இல் விக்டோரியா மாநிலத் தீ 173 உயிர்களைக் குடித்தது. அவர்களில் 113 பேர் வீடுகளுக்குள் மாண்டவர்கள். ஆராய்ந்த அரசு ஆணையம் கொள்கையை முற்றாகத் தள்ளவில்லை. மிகக் கொடிய நாட்களில் முன்னதாக வெளியேறுவதே காப்பு என்று வற்புறுத்தியது. ஓட்டு வீடும், ஊற்று நீரும், உழைக்கும் கைகளும் உள்ளவனே அங்கு தவித்தான் என்றால், கீற்றுக் கூரையின் கீழ் வாழ்பவன் எதை நம்பித் தங்குவது?

அப்படியிருந்தும் தங்குகிறானே, ஏன்? இந்தக் கேள்வியை வகுப்பில் வைத்தேன். மாணவி ஒருத்தி எழுந்தாள். "ஆட்டை விட்டுவிட்டு எப்படி ஐயா ஓடுவது? வருடம் முழுக்கக் கஞ்சி அதுதானே!" என்றாள். வகுப்பு சிரித்தது, நான் சிரிக்கவில்லை. 2005-இல் கத்ரினா புயலின்போது, செல்வம் கொழிக்கும் அமெரிக்காவிலேயே, வண்டி இல்லாத ஏழைகளும், வளர்த்த பிராணிகளைப் பிரிய மனமில்லாதவர்களும் பின்தங்கினர். மறு ஆண்டே, வெளியேற்றத் திட்டங்களில் வளர்ப்புப் பிராணிகளையும் சேர்க்கச் சட்டம் செய்தனர். அந்தச் சிறுமியின் கேள்வி, ஒரு நாட்டின் சட்டமன்றம் விடை தேடிய கேள்வி!

பிடிவாதம் என்று நாம் பெயரிடுவது பல நேரங்களில் வறுமையின் மறுபெயர். "வெளியேறு" என்று ஆணையிடுவது எளிது. எங்கே போவது, எதில் போவது, ஆடுமாடு என்னாவது, திரும்பி வரும்போது நிலம் நம்முடையதாக இருக்குமா? இவற்றுக்கு விடை தராத ஆணை, பாதி ஆணை. விடை தந்தபின்னும் பிள்ளைகளைப் பிடித்து நிறுத்துபவனிடமிருந்து பிள்ளைகளை மீட்பது கொடுமை அல்ல, கடமை. தனியே தங்குவேன் என்னும் முதியவரிடம் உண்மையை ஒளிக்காமல் கூறுவோம், மன்றாடுவோம். அதற்கு மேல் அவர் முடிவு அவருடையது.

இளைஞர்களே, இந்த வாதத்தைத் தீ வரும் நாளில் நடத்தாதீர்! மாசியிலேயே நடத்துங்கள். நடக்க முடியாதவர் எந்த வீட்டில்? அவரைத் தூக்கப் போகும் தோள் யாருடையது? கூரையோரச் சருகை அகற்றுவது யார்? ஆட்டை ஓட்டிச் செல்வது யார்? எந்த அறிகுறி கண்டதும் கிளம்புவது? ஊர் கூடி இதை முடிவு செய்துவிட்டால், தங்குவதா, தப்புவதா என்ற கேள்வி ஏழையை மட்டும் தனியே நிறுத்திக் கேட்கும் கேள்வியாக இராது.